மடித்த குடை

அந்தச் சிவப்புக் காரின் சாவியைத் தொடக்கூடியவர்கள் மூன்று பேர்.

ரவிச்சந்திரன்: காரின் சொந்தக்காரர், கான்ட்ராக்டர், வேகப் பைத்தியம்.

வெள்ளைச்சாமி: அவருடைய டிரைவர். குடிப்பார்.

முருகானந்தம்: தீவில் உள்ள புரோத்ராபூர் ஒர்க்‌ஷாப்பின் மெக்கானிக். செத்தவரின் தம்பி.

செத்தவர் பெரியதம்பி. நேற்று மாலை ஐந்தரைக்கு, மழை இருட்டில், ஒர்க்‌ஷாப்புக்குக் கீழே மேடு தொடங்கும் வளைவில் கார் அவரை அடித்துப் போட்டது. அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். பக்கத்தில் இரண்டு குடைகள் கிடந்தன. ஒன்று விரிந்து நசுங்கியிருந்தது. மற்றது மடித்தபடியே இருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் நின்ற காரின் முன்விளக்கு உடைந்திருந்தது. வெள்ளைச்சாமியின் வாயில் சாராய வாடை. இரவே லாக்கப்பில் போட்டார்கள்.

காலையில் காரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக போலீஸ் டிரைவர் ஏறினார். மூன்று முறை அணைந்தது. சப்-இன்ஸ்பெக்டர் உமா மகேஸ்வரி முருகானந்தத்தைப் பார்த்தார். அழுது கண் வீங்கியிருந்தது. பொய் அழுகை இல்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்க இத?"

"ஃப்ளைவீல் மாத்தினேன் மேடம். இன்ஜினுக்குப் பின்னால சுத்துற இரும்புச் சக்கரம். பழசு கனம். இது பாதி எடைதான். மிதிச்சா உடனே சீறும், கால எடுத்தா உடனே விழும். கிளப்பறப்ப ஏமாந்தா அணைஞ்சிடும்."

"இதுக்கு முன்ன மாட்டியிருக்கியா?"

"இல்ல. மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்ல வந்துச்சு. இதான் மொதல்."

"ஓட்டிப் பாத்தியா?"

"நின்ன எடத்துல ஸ்டார்ட் பண்ணதோட சரி. சாவியக் கொக்கியில மாட்டிட்டுக் குளிக்கப் போயிட்டேன்."

வளைவில் டீக்கடை வைத்திருக்கும் அன்னம்மாள் எதையும் பார்க்கவில்லை.

"மழைன்னு ஷட்டர எறக்கிட்டேன்மா. டம்முன்னு கேட்டுச்சு. காடி, அதான் காரு, நின்னு போச்சு. அப்புறம் ஒரே மூச்சுல நேரா மேட்டுல ஏறிப் போற சத்தம் கேட்டுச்சு."

உமா மகேஸ்வரி மூவரையும் வளைவுக்கு வரவழைத்தார். "பிரேக் பாக்கணும். ஒவ்வொருத்தரா மேட்டுல ஏத்துங்க."

ரவிச்சந்திரனுக்கு இரண்டு முறை அணைந்தது. "இதுக்காடா கப்பல்ல ஏத்தி வரவழைச்சேன்?" என்று மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினார்.

வெள்ளைச்சாமிக்கு நான்கு முறை. "மேடம், இது நம்ம காடியே இல்ல. எவனோ மாத்தி நிறுத்திட்டான்."

முருகானந்தம் ஏறினான். இன்ஜினை லேசாகச் சீற விட்டு, கிளச்சை மெதுவாக விட்டான். கார் ஒரு குலுக்கல் இல்லாமல் மேடேறியது.

அவன் இறங்கியதும் உமா மகேஸ்வரி கேட்டார். "நேத்து மொதல்ல எடுக்கறப்ப எத்தன தடவ அணைஞ்சுது?"

"அஞ்சு," என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"போலீஸ் டிரைவருக்கும் ஓனருக்கும் அணைஞ்சுது. தெனம் ஓட்டுற வெள்ளைச்சாமிக்கும்தான். புதுச் சக்கரத்துல ஓட்டிப் பழகின காலு ஒண்ணே ஒண்ணு. நேத்து இதே மேட்டுல அணையாம ஏறினதும் அதே காலுதான்."

"ஓனர் வர்றதுக்குள்ள ஒரு ரவுண்டுன்னு எடுத்தேன். அவ்ளோ வேகமா எழும்பும்னு தெரியல மேடம். மாடுன்னு நெனச்சேன்."

"மாடு குடை பிடிக்காது."

சாவியை அவர் முன் நீட்டினான். "ஆளுன்னு தெரிஞ்சுது. அண்ணன்னு தெரியல."

"மடிச்ச குடை யாருக்கு?"

"எனக்கு. மழை வந்தா கொண்டாருவான்."

ஸ்டேஷனில் வெள்ளைச்சாமியின் செருப்பையும் பெல்ட்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். முருகானந்தத்தின் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள்.

"கொள்ளி வெக்க அவனுக்கு நான் மட்டும்தான் மேடம்."

"சாயந்திரம் கூட்டிட்டுப் போவாங்க. விலங்கோட."

வாசல் வரை போன வெள்ளைச்சாமி திரும்பிப் பார்த்தார். ஒரு ராத்திரி தன்னை உள்ளே கிடக்க விட்டவன். திட்டத்தான் வாயைத் திறந்தார்.

"உள்ள மூலையில ஒழுகும்டா. சுவரோரமா உக்காரு."

கான்ஸ்டபிள் கம்பிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.