மிதிக்காமல் விட்ட பெடல்

உள்ளே தள்ளிய பிஸ்டன் மறுபடியும் வெளியே வந்திருந்தது.

கால் மணி நேரத்துக்கு முன்புதான் வெலிகோ பழைய பிரேக் பேடை முட்டுக் கொடுத்து, கிளாம்பை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுச் சுற்றாக இறுக்கி, அதை, பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் மட்டமாக உட்கார வைத்திருந்தார். புது டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயைத் துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் அது ஒரு விரல் தடிமன் நீட்டிக்கொண்டு நின்றது. பிஸ்டன் தானாக வராது. யாராவது உள்ளே உட்கார்ந்து பிரேக் பெடலை மிதித்தால்தான் வரும்.

காருக்குள் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஓட்டுநர் சீட் மட்டும் கடைசிப் பல் வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு நீளக் கால் யாருக்கும் கிடையாது.

"வயசாகுது, வேறென்ன" என்று தன்னையே திட்டிக்கொண்டு கிளாம்பை மறுபடி மாட்டினார்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மலையிலிருந்து இறங்கிய மூடுபனி முற்றத்தையும் பிளம் மரத்தையும் கேட்டையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஊறப்போட்ட முட்டைக்கோஸ் பீப்பாயின் புளித்த வாடை, விறகுப் புகை, துருவின் வாடை எல்லாம் அந்த ஈரக் காற்றில் கலந்து மூக்கில் ஒட்டியது. கேட்டுக்கு வெளியே ரோடு ஒரே இறக்கமாகப் போய், கீழே லாரிகள் ஓடும் பெரிய சாலையில் முடியும். அந்த இறக்கத்தை வெலிகோ இரண்டு வருடமாக நடந்து கடப்பதில்லை. சுற்றுவழியாகத்தான் போவார்.

இரண்டு வருடமாக அவர் பிரேக் வேலையில் கை வைத்ததும் இல்லை. ஆனால் மகள் யோவானாவுக்கு நாளைக் காலை தலைநகரில் புது வேலை. இன்றே கிளம்ப வேண்டும். பேடுகள் தேய்ந்து, மிதித்தால் இரும்பு கிறீச்சிட்டது. மெக்கானிக் யாரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கிடைக்கவில்லை. "கை நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு? ஊர்ல பாதி வண்டிக்கு நீங்கதானே மாத்திக் குடுத்தீங்க!" என்று மனைவி செவ்தா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ஏன் மாட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

சொல்வதானால் டோப்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எதிர்வீட்டு டோப்ரி, நெட்டை மனிதர், பெரிய வாய்க்காரர். அவர் காருக்கும் இதே முற்றத்தில்தான் வெலிகோ புது பேடும் டிஸ்க்கும் மாட்டினார். கடைசி போல்ட்டை இறுக்கினாரோ இல்லையோ, டோப்ரி பிளம் சாராயத்தோடு வந்து நின்றார். புதிதாக எதை வாங்கினாலும் மாட்டினாலும் ஒரு வாய் குடித்து அதை நனைத்தாக வேண்டும். மறுத்தால் வேலை விளங்காது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். "நனைக்கலாம்டா வெலிகோ, அப்புறம் கையக் கழுவு!" இரண்டு கிளாஸ் போயிற்று. டோப்ரி சிரித்தபடி சாவியைத் திருகி இறக்கத்தில் வண்டியை விட்டார்.

பேடு மாற்றினால் நாலைந்து முறை பெடலை மிதித்து, பிஸ்டனை டிஸ்க்கோடு சேர்த்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். பழகிய எந்தக் கையும் அதை மறக்காது. வெலிகோ மறந்தார். முதல் மிதியில் பெடல் சும்மா தரை வரைக்கும் போயிருக்கும். கீழே லாரி நின்றிருந்தது.

போலீஸ்காரர் செத்தவர் வாயை மோந்து பார்த்துவிட்டு வெலிகோவிடம் கேட்டார். "குடிச்சிருந்தாரா?"

"குடிச்சிருந்தார்" என்றார் வெலிகோ. பொய் இல்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. டோப்ரியின் மனைவி பென்கா அன்றிலிருந்து குடிகாரன் பெண்டாட்டி என்ற பேரோடு கடைக்குப் போய் வருகிறாள்.

பிஸ்டன் இந்த முறை நின்றது. டிஸ்க்கைத் துடைத்து மாட்டினார், பேடுகளை வைத்தார், காலிப்பர் போல்ட்டுகளை இறுக்கி, இன்னொரு முறை இறுக்கி, விரலால் தடவியும் பார்த்தார். மறுபக்கச் சக்கரமும் அப்படியே முடிந்தது. பனிக்குள் அவர் கை அவருக்கே மங்கலாகத் தெரிந்தது.

"யோவானா! வந்து பெடல மிதிம்மா!"

ஓட்டுநர் கதவு திறந்தது. சீட் முனகியது. கதவு சாத்திக்கொண்டது.

"மிதி."

பிஸ்டன் நகர்ந்தது.

"விடு. மிதி. விடு. இன்னொரு தடவை."

பேடு டிஸ்க்கைக் கவ்வியது. வெலிகோவுக்கு நெஞ்சில் இரண்டு வருடத்துக் கல் கொஞ்சம் புரண்ட மாதிரி இருந்தது. மகளின் முகம் தெரியாததால்தானோ என்னவோ, சக்கரத்தைப் பார்த்தபடியே வாய் திறந்துகொண்டது.

"அன்னிக்கு டோப்ரி அண்ணன் வண்டிக்கு இத நான் செய்யலம்மா. மறந்துட்டேன். அவரு குடிச்சதால சாகல. என்னாலதான்."

பிறகு பெடல் மெதுவாக, மிக மெதுவாகக் கீழே போகும் சீற்றம் கேட்டது. நின்றது. அழுத்தியபடியே நின்றது. பிளம் சாராய வாடை வந்தது.

"அப்பா!" மாடி ஜன்னலிலிருந்து யோவானாவின் குரல். "கூப்பிட்டீங்களா? குளிச்சிட்டிருந்தேன்."

வெலிகோ எழுந்தார். கதவைத் திறந்தார். சீட் காலி. பெடல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அவர் பார்க்கப் பார்க்க, யாரோ காலை எடுத்தது போல, மேலே வந்தது.

கையால் அழுத்தினார். கல் மாதிரி இருந்தது. மறுபடி அழுத்தினார். கல்தான். எந்தக் குறையும் இல்லை.

சக்கரங்களை மாட்டி ஜாக்கியை இறக்கும்போது கேட்டில் பென்கா நின்றிருந்தாள். கையில் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமைக் கிண்ணம். செத்தவர் நினைவு நாளில் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது. "இன்னியோட ரெண்டு வருஷம் வெலிகோ. உன்னத் தவிர யாரு அவர நல்லவிதமா நினைக்கிறா? எடுத்துக்க."

ஒரு கரண்டி வாயில் போட்டார். கரண்டியைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தார்.

யோவானா பையோடு வந்தாள். பயணம் தண்ணீர் போல ஓடட்டும் என்று செவ்தா வண்டிக்கு முன்னால் செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"போக வேணாம்" என்றார் வெலிகோ.

"ஏம்ப்பா? பிரேக்குல ஏதாவது?"

சொல்லலாம். இப்போதே சொல்லலாம். பென்கா இரண்டடி தள்ளி நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. பனியா இருக்கேன்னு சொன்னேன்."

"இந்தப் பனியெல்லாம் பாத்தா இந்த ஊர்ல யாரும் வெளியவே போக முடியாதுப்பா." அவள் ஏறினாள். தனியாகத்தான் ஏறினாள். அவர் பார்த்தார்.

கார் கேட்டைத் தாண்டி இறக்கத்தில் திரும்பியது.

பின் கண்ணாடியில் இரண்டு தலைகள்.

யோவானாவின் சின்னத் தலை இப்போது பக்கத்துச் சீட்டில் இருந்தது. ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். ஓட்டுநர் இடத்தில் இருந்த தலை கூரையைத் தொட்டது.

வெலிகோ ஓடினார். கால் வழுக்கி விழுந்தார்.

"என்னாலதான்! குடிச்சதால இல்ல! என்னாலதான்!"

அவர் பின்னால் பென்கா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். வெட்கப்பட்டவள் போலத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கையைத் தூக்கி, கணவனை வழியனுப்புவது போல, கீழே போகும் காருக்கு ஆட்டினாள்.

பனிக்குள் பிரேக் விளக்குகள் எரிந்தன. சிவப்பாக, முழுசாக, அணையாமல் எரிந்தன. கார் வேகம் குறையாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.