தொட்டது துலங்காத கை

"யாரு இந்த மேசையைத் துடைச்சது?"

இளையவளின் குரல் மாடியிலிருந்து சமையலறை வரைக்கும் இறங்கி வந்தது. மூத்தவள் அடுப்பைத் தணித்தாள். அந்த வீட்டில் மேசையைத் துடைப்பது யார் என்று கேட்பது, காலையில் கிழக்கே உதிப்பது யார் என்று கேட்பது போலத்தான்.

"கேக்குறேன்ல... யாரு துடைச்சது?"

ஈரக் கையை முந்தானையில் ஒற்றிக்கொண்டு படியேறினாள். முன்னறையில், ஜன்னலோர மேசையில், அவள் கொழுந்தன், இளையவளின் கணவன், முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து கோத்த புதுக் கம்ப்யூட்டர் பக்கவாட்டு மூடி இல்லாமல் நின்றது. உள்ளே விசிறிகள் சுற்றின. விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் கரிபிடித்த சட்டியின் அடிபோல இருட்டாக இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வேலை போய் வீட்டில் இருப்பவன். வரைந்த படங்களை அசைய வைப்பது அவன் தொழில். ஒரு நிறுவனம் மாதிரிப் படம் ஒன்று கேட்டிருந்தது. வரைந்தது எல்லாம் தயார். ஆனால் அதைக் கோத்துப் படமாக்க அவனுடைய பழைய மடிக்கணினிக்கு வலு இல்லை. இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பினால்தான் வேலை.

"நேத்து எல்லாத்தையும் கச்சிதமா மாட்டி வச்சாரு. விடிஞ்சதும் இவங்க துணியும் கையுமா வந்துட்டுப் போனாங்க. இப்ப பாருங்க!" என்றாள் இளையவள்.

"நான் மேசையைத்தான் துடைச்சேன். பொட்டியைத் தொடல."

"தொட வேற செய்யணுமா? தொட்டது துலங்காத கை... பக்கத்துல போனாலே போதுமே! கட்டின புருஷனையே..."

"ஏய்!" என்றான் கொழுந்தன்.

அந்த ஒரு 'ஏய்'யோடு அவனுடைய நியாயம் முடிந்துவிட்டது. மூத்தவளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அண்ணி... ஒருவேளை, துடைக்கும்போது தெரியாம கை பட்டுதா?"

இளையவள் சொன்னது தோலோடு போயிற்று. இவன் கேட்டதுதான் எலும்பில் இறங்கியது.

தாயில்லாப் பிள்ளையாக அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். வளர்ந்து ஆளான பிறகு ஒருத்தியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அவன் வாசலில் நின்றபோது, மாமனார் கதவை மறித்தார். "இவ நம்ம வீட்டுப் பொண்ணு மாமா. இவ உள்ள வரலேன்னா நானும் வெளியில நிக்கிறேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கியவள் இந்த மூத்தவள்தான். வெளிச்சமும் காற்றும் உள்ள இந்த முன்னறையையும் கணவனிடம் சொல்லி அவர்களுக்கே கொடுத்தாள். அந்தக் கணவனும் போய்ச் சேர்ந்தான். கீழே சாமான் அறையை ஒட்டிய பின்னறை அவளுக்கு மிஞ்சியது. 'அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிட்ட இளையவள், மெல்ல மெல்ல 'இவங்க' என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

"படலை தம்பி" என்றாள் மூத்தவள். கீழே இறங்கவில்லை. கதவோரமாகவே நின்றாள்.

அவன் பாகங்கள் வாங்கிய கடைக்குப் போன் போட்டான். கை இரண்டும் பெட்டிக்குள் இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தான். கடைக்காரரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மதர்போர்டு பேரைச் சொல்லுங்க சார்... ம். பிராசசர்?... அட, அது உக்கார்ற குழி சரியாத்தான் இருக்கு, கச்சிதமா பொருந்தும். ஆனா உங்க போர்டு பழைய சரக்கு. அது தயாராகி வெளிய வந்தப்புறம் பொறந்த பிராசசர் இது. போர்டுக்கு இது யாருன்னே தெரியாது."

"குழி பொருந்தினா போதும்னு நெனைச்சேன்..."

"அந்தக் குழியிலதான் சார் எல்லாரும் விழறாங்க!"

மூத்தவள் ஓரடி முன்னால் வந்தாள். "தம்பி, அவர்கிட்ட ஒண்ணு கேளு. மேசையைத் துடைச்சா இப்படி ஆகுமா?"

"மேசையைத் துடைச்சாவா?" கடைக்காரர் சிரித்தார். "மேசையைத் துடைச்சா மேசை சுத்தமாகும்மா. வேற ஒண்ணும் ஆகாது."

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப என்ன பண்றது?" என்றான் கொழுந்தன்.

"சுலபம் சார். போர்டை மாமியார்னு வச்சுக்குங்க. புது மருமகளை வாசல்லயே நிறுத்திடும். பழைய மருமக ஒருத்தி வந்து, 'இவ நம்ம வீட்டுப் பொண்ணுதான்'னு சொல்லணும். அதே குழியில உக்கார்ற பழைய பிராசசரை ஒரு தடவை மாட்டி, போர்டுக்குள்ள இருக்கிற மென்பொருளைப் புதுப்பிச்சுடுங்க. அப்புறம் புதுசைக் கண்டுக்கும். எங்கிட்ட பழசு நாளைக்குத்தான் வரும். உங்க வீட்டுல ஏதாவது இருக்கா?"

"இருந்தா... வேலை முடிஞ்சப்புறம் பழசை என்ன பண்றது?" என்றான் அவன்.

"கழட்டி ஒரு ஓரமா வச்சுட வேண்டியதுதான். யாரு தேடப் போறா?"

போன் அணைந்தது. மூன்று பேருடைய நினைப்பும் ஒரே இடத்துக்குப் போயிற்று. பின்னறையில் மூத்தவளின் கம்ப்யூட்டர். கணவன் தன் கையால் கோத்துக் கொடுத்தது; அதிலும் அதே குழிதான். அதில்தான் அவள் ஓர் அச்சகத்துக்குப் பக்கம் வடிவமைத்துத் தருகிறாள். போன வாரம்தான் இளையவள், "இடத்தை அடைக்குது, பழைய சாமான்காரனுக்குப் போட்டா என்ன?" என்று கேட்டிருந்தாள்.

மூத்தவளுக்குள் சந்தோஷம் எழுந்தது. சின்ன சந்தோஷம் இல்லை. அதை அவள் அடக்கவும் இல்லை. மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தான் விட்டுக்கொடுத்த நாளிலிருந்து அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே கிடையாது.

"அண்ணி..." என்று ஆரம்பித்தான் கொழுந்தன்.

"கேக்க வேண்டியது நீ இல்ல தம்பி. அவ கேக்கட்டும். காலையில எனக்கு என்ன பேரு வச்சாளோ, அதே பேரைச் சொல்லிக் கேக்கட்டும்."

"ஏதோ வாய் தவறி வந்துடுச்சு..." என்றாள் இளையவள்.

"வாய் தவறினது காலடியில விழுந்திருக்கும். நீ குறி பாத்துல்ல எறிஞ்ச!"

"என்ன பேரு வச்சா?" படியேறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் மாமனார். அவருக்கு ஒரு காது மந்தம். எந்தக் காது என்பது சமயத்தைப் பொறுத்தது. "சொல்லும்மா. இன்னிக்கு ரெண்டும் நல்லாத்தான் கேக்குது."

இளையவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தொட்டது..."

"சத்தமா."

"தொட்டது துலங்காத கை..." உதடு கோணியது. "அந்தக் கையாலதான்... கழட்டித் தரணும்..."

மாமனார் கதவிலிருந்து கையை எடுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

"தரேன்" என்று எழுந்தாள் மூத்தவள். "இன்னொண்ணும் இருக்கு. இந்த அறை இனி எனக்கு. தம்பி வேலையை முடிச்சு அனுப்பினதும், என் பொட்டியை அவளே தூக்கிட்டு வந்து இங்க வைக்கணும்."

யாரும் மறுக்கவில்லை.

பின்னறையில் அவள் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். சூடேறினால்தான் பிராசசரின் மேல் இருக்கும் பசை இளகும். பிறகு அணைத்து, மின்சாரத்தைப் பிடுங்கி, மூடியைத் திறந்தாள். 'இழுக்காதே... திருகு' என்று சொல்லிக் கொடுத்தவனின் குரல் காதில் இருந்தது. மேலே இருந்த விசிறித் தொகுதியை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகினாள். அது விட்டுக்கொடுத்தது. அடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாகச் சதுரத் தகடு. அதன் வயிற்றுப் பக்கம் ஊசி ஊசியாக ஒரு காடு. ஓர் ஊசி வளைந்தாலும் தன் பிழைப்புப் போகும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளங்கையில் ஏந்தி எடுத்துப் போனாள். கொழுந்தன் புதுசைக் கழற்றி வைத்திருந்த போர்டின் குழியில் அழுத்தாமல் வைத்தாள். அது தானாக உட்கார்ந்தது.

திரை வெளுத்தது. எழுத்துகள் ஓடின.

மென்பொருளைப் புதுப்பித்துப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியபோது, போர்டு அதைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது போலத் திரையில் காட்டியது. கொழுந்தன் எழுந்து அவள் கால் பக்கம் குனிந்தான்.

"என்னை ரெண்டு அடி அடிச்சிடுங்க அண்ணி..."

"மாட்டேன். அடி வாங்கினா கணக்குத் தீர்ந்துதுன்னு மறந்துடுவ. நீ மறக்கக் கூடாது. போ, வேலையைப் பாரு."

சாயங்காலம் படம் போய்ச் சேர்ந்தது. தன் பிராசசரைத் திரும்ப மாட்டி மூடிய பெட்டியை மூத்தவள் இளையவள் கையில் கொடுத்தாள். கனமான பெட்டி. பாதிப் படியில் இளையவளின் தோள் குலுங்கத் தொடங்கியது.

"அக்கா..."

"முதல்ல மேல கொண்டு போய் வை. அழுதுகிட்டே தூக்காதே, படியில விட்டுடுவ."

வைத்துவிட்டுத் திரும்பியவள் மூத்தவளின் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் அழுத்திக்கொண்டாள். "என்னை உள்ள கூட்டிட்டு வந்த கை இது... இதைப் போய் நான்..." மூத்தவள் கையை விடுவிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அழட்டும் என்று நின்றாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுக்கு வந்தபோதுதான், மற்றக் கை தானாக எழுந்து இளையவளின் தலைமேல் போனது.

"சரி, போதும். அந்தத் திரையோட ஒயரை இதுல மாட்டு."

மாட்டினாள்.

"கழட்டி மாட்டினது. மறுபடி எரியுமா எரியாதான்னு எனக்கே தெரியாது" என்றாள் மூத்தவள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பொத்தானைக் காட்டினாள். "நீ அமுக்கு. உன் கை துலங்குதான்னு பாப்போம்."

இளையவள் பொத்தானில் விரலை வைத்தாள். அமுக்கினாள்.

விசிறி சுற்றத் தொடங்கியது. திரை இன்னும் இருட்டாகவே இருந்தது. இளையவள் திரைக்கு முன்னால் குனிந்தாள். மூத்தவள் திரையைப் பார்க்கவில்லை. இளையவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முகத்தின்மேல் வெளிச்சம் விழும் வரைக்கும்.