உப்பில்லாத படையல்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரத்தில்தான் ஜெயசித்ரா தன் புருசனை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி, அவருடைய அக்கா ரெங்கம்மாளின் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் கூட்டி வந்தாள். திருவேங்கடத்தில் அவர்கள் இருந்தது மாடி வீடு. பக்கவாதம் வந்த மனுசனைப் படியேற்றி இறக்க அவளால் ஆகவில்லை. இங்கே படி கிடையாது, தென்காசி ஆஸ்பத்திரியும் பக்கம். ரெங்கம்மாள் போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. பிள்ளையில்லாதவள். தம்பியைத்தான் பிள்ளையாக நினைத்து ஊட்டி வளர்த்தாள்.

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற சுந்தரபாண்டியனுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆள் பிடித்துத் தூக்காமல் கட்டிலை விட்டு எழ முடியாது. இன்னொரு முறை பிரஷர் எகிறினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உப்பைக் குறைக்கத்தான் சொன்னார். ஜெயசித்ராவோ பயத்தில் உப்பு ஜாடியையே கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எதையும் வீட்டுக்குள் விடவில்லை. கீரை, வாழைத்தண்டு, புடலங்காய் என்றே நாட்கள் போயின. தனக்கென்று தனியாக ஆக்கத் தெம்பில்லாமல் அவளும் அதையே தின்றாள்.

காலையும் மாலையும் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, பேசவிடாமல், இடது கையில் பிரஷர் மிஷின் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துவாள். மிஷின் உர்ரென்று காற்றடித்து இறங்கும். எண் நல்லபடியாக வந்தால்தான் அவளுக்கு மூச்சே வரும். சொந்தக்காரர்கள் போனில் "அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டு வைத்துவிடுவார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ரெங்கம்மாளின் வருசத் திதி வந்தது. படைக்கிற சோற்றைச் சமைக்கிறவள் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ருசி பார்க்காமலே இலையில் பரிமாறி, படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டாள். ஒரு உருண்டையை மதிலில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டாள்.

காக்கை வந்தது. ஒரு கொத்து கொத்திவிட்டுத் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அப்புறம் தொடவில்லை.

தான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. கைப் பழக்கத்தில் எதிலுமே உப்புப் போடவில்லை. குழம்பில் எவ்வளவு இருந்தாலும் மேலே ஒரு கல் போட்டுத் தின்கிறவள் ரெங்கம்மாள். அவளுக்கா இந்தச் சோறு என்று படத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் மறுபடி அடுப்புப் பற்றவைக்க உடம்பில் வலு இல்லை. விட்டுவிட்டாள்.

அன்று மாலை மிஷின் நூற்றி எண்பது காட்டியது.

பேட்டரியை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். அதே எண்தான். அவர் முகத்தருகே குனிந்தபோது நார்த்தங்காய் ஊறுகாய் வாடை அடித்தது.

"யாருங்க இதக் குடுத்தா?"

"அக்கா வந்து ஊட்டுதா," என்றார் குழறலாக.

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தன அக்கா இருக்கா?"

மறுநாள் வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் தாழ்ப்பாள் போட்டாள். பொழுது சாயும் நேரம். வெளியே சாரல் சத்தம் ஓயவில்லை. அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளின் காதில், கட்டில் இருந்த அறையிலிருந்து ஏதோ விழுந்தது.

தட்டில் சோறு பிசைகிற சத்தம்.

"ஏலே, இன்னும் ஒரு வாய். வாயத் தொற. பட்டினி போட்டுக் கொல்லுதாளே ஒன்னய."

ஓடினாள். அறையில் அவரைத் தவிர யாருமில்லை.

அவர் மென்றுகொண்டிருந்தார்.

அறை முழுக்கக் கருவாட்டு வாடை. மிஷினில் எண் இன்னும் ஏறியிருந்தது. ஜெயசித்ராவுக்குப் பயத்தை விடக் கோபம்தான் முந்தியது. மாத்திரையைக் கொடுத்து, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, எண் கொஞ்சம் இறங்கியதும் முக்குக் கடைக்கு ஓடிக் கல் உப்பும் கருவாடும் வாங்கி வந்தாள். உப்பும் உறைப்புமாகக் குழம்பு வைத்து, இலை போட்டுப் படத்துக்கு முன் பரிமாறினாள்.

"மதினி, நான் அவுகளப் பட்டினி போடல. அவுகளுக்கு உப்பு ஆகாது. உங்களுக்கு வேணுங்கிறத தெனமும் இங்கன வைக்கேன். அவுக வாய மட்டும் விட்டுருங்க. எனக்கு வேற ஆளில்ல."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள்.

மறுநாள் காலையில் மதிலில் வைத்த சோற்றைக் காக்கை ஒரு பருக்கை விடாமல் தின்றது. பிரஷர் மெல்ல இறங்கி, இறங்கிய இடத்தில் நின்றது. "நல்லாப் பாத்துக்கிடுதீங்க," என்று டாக்டரே மெச்சினார். சுந்தரபாண்டியன் மட்டும் வாசலைப் பார்த்து, "அக்கா வரலியே," என்று முனகுவார். சாயங்காலமானால் உப்புப் போட்ட இலை படத்துக்கு முன் இருக்கும்.

அப்படியொரு சாயங்காலம், அவருக்கு ஊட்டி, துடைத்து, படுக்கவைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். முன்னால் அவளுடைய தட்டு, அதில் உப்பில்லாத சோறு. கை எழவில்லை. கண்ணை மூடினாள்.

நார்த்தங்காய் வாடை வந்தது.

"ஏட்டி, நீ சாப்பிட்டியா?"

காதுக்குப் பக்கத்தில்.

யார் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து ஓட வேண்டும் என்றும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருத்தர் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. கண்ணீர் பொங்கியது.

வாயைத் திறந்தாள்.

சில வாரம் கழித்து, தலைவலியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைச் சுந்தரபாண்டியன் உற்றுப் பார்த்தார். இடது கையால் பட்டையை அவள் பக்கம் தள்ளினார்.

"சித்ரா, நீயும் ஒரு தடவ பாரு."

சுற்றிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். மிஷின் காற்றடித்து இறங்கியது. நூற்றி எண்பது.

இந்த முறை அவள் பேட்டரியை மாற்றிப் பார்க்கவில்லை. உதட்டோரம் ஒட்டியிருந்த உப்புக் கல்லை நாக்கு தானாக எடுத்துக்கொண்டது. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆளில்லாத அடுக்களையில் யாரோ தட்டைக் கழுவி, அடுத்த சோற்றுக்கு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.