மூன்று உயிராள் சாட்சி

இன்னும் கொஞ்சம் தள்ளி, இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், தங்கங்களே. இன்று ஒரு துப்பாக்கி விளையாட்டின் கதை சொல்லப் போகிறேன். பயப்பட வேண்டாம், இதில் ஒருவரும் சாகமாட்டார்கள். ஆனால் ஒரு மனிதர், தாம் உயிரோடு இருப்பதை எழுதிக் கொடுத்து நிரூபிக்க வேண்டி வரும். அதைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, ‘கருமலைக் கோட்டை’ என்ற விளையாட்டுக்குள் நாற்பத்தொரு லட்சம் பேர் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அது அந்த வரிசையில் முப்பத்தொன்றாம் பாகம். மற்ற விளையாட்டுகளெல்லாம் ஐந்தாம் பாகத்திலோ ஆறாம் பாகத்திலோ சலித்துப்போய் மூடப்பட்ட பிறகும், கருமலை மட்டும் கூட்டம் குறையாமல் நின்றது. எப்படி என்று ஊரெல்லாம் வியந்தது.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் அந்த விளையாட்டை நடத்திய அலுவலகத்தில் இருவருக்கு அது நன்றாகவே தெரியும். ஒருத்தி செவ்வந்தி, விளையாட்டின் தலைமைப் பொறுப்பாளர். மற்றவன் அவளுக்குக் கீழே வேலை பார்த்த ரஃபீக்.

நாற்பத்தொரு லட்சத்தில் பெரும்பாலோர் நிரப்பாட்கள். கூட்டத்தை நிரப்ப எந்திரம் செய்துவிட்ட ஆட்கள். மனிதரைப் போலவே பேசுவார்கள், மூச்சு வாங்குவார்கள், தும்மக்கூடச் செய்வார்கள். நீங்கள் சொல்லும் நகைச்சுவைக்கு ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரிப்பார்கள். எதிராளியாக வந்தால் கடைசி நேரத்தில் குறி தவறி உங்களை வெல்ல விடுவார்கள். நாளுக்கு நாள் உங்கள் மனம் அறிந்து தங்களைத் திருத்திக்கொள்வார்கள். யார் நிரப்பாள், யார் நிஜ மனிதரான உயிராள் என்று விளையாடுகிறவருக்குத் தெரியாது.

இதைக் கேள்விப்பட்ட அரசு ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு விளையாட்டும் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் நிரப்பாட்களை எல்லாம் நிறுத்த வேண்டும். அந்த மணி நேரம் முடியும்போது உயிராட்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போனால், விளையாட்டை மூடிவிட வேண்டும். அந்த நேரத்தில் ஒருவரை மூன்று பேர் ‘இது ஒளிந்திருக்கும் நிரப்பாள்’ என்று புகார் செய்தால், எண்ணிக்கை முடிந்ததும் அவரை வெளியேற்றிவிட வேண்டும். திரும்பி வர விரும்பினால் அவர் மூன்று உயிராட்களைச் சாட்சி காட்ட வேண்டும்.

அன்று நான்கு மணிக்கு அந்த முதல் எண்ணிக்கை.

செவ்வந்தி கவலைப்பட்டது விளையாட்டை நினைத்து மட்டுமல்ல, அண்ணனை நினைத்தும்தான். அவள் அண்ணன் சென்னியப்பன் வடவள்ளி வீட்டில் சக்கர நாற்காலியில் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவினாசி சாலையில் லாரி மோதி இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. அப்போது அவரோடு கோட்டையில் விளையாடிய கல்லூரி நண்பர்கள் முதலில் தினமும் வந்தார்கள். பிறகு ஒருவன் கல்யாணம் என்றான், ஒருவன் வேலை என்றான், ஒருவன் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு நாள் அவர் கோட்டை வாசலில் மூன்று மணி நேரம் தனியாகக் காத்திருந்ததை, அப்போது சாதாரண நிரலாளராக இருந்த செவ்வந்தி திரையில் பார்த்தாள். அன்றுதான் அவள் முதல் நிரப்பாட்களைச் செய்தாள். காளிங்கன், தாமஸ், மயில்சாமி. ஒரு வாரத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் செய்தாள்.

அண்ணன் ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார். அதைக் கண்ட நிறுவனம் நிரப்பாட்களை எல்லோருக்கும் கொடுத்தது. பத்தொன்பதாம் பாகத்தோடு செத்திருக்க வேண்டிய கருமலை பிழைத்துக்கொண்டது.

அன்று காலை அவள் கேட்டுப் பார்த்தாள். “அண்ணா, இன்னைக்கு ஒரு நாள் கோட்டைக்குப் போவ வேண்டாமுங்களே.”

“நல்லா இருக்குதே கதை! ஞாயித்துக்கெழம தாமசு நாலு மணிக்கே வந்து நிப்பான். நான் போவலைன்னா மயில்சாமி மொகத்தத் தூக்கி வெச்சுக்குவான். ஏன் அம்மிணி, என்னமோ மாதிரி இருக்கறே?”

“ஒண்ணுமில்லீங்ணா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான்கு மணி அடித்தது. ரஃபீக் நிரப்பாட்களை நிறுத்தினான். திரையில் நாற்பத்தொரு லட்சம், மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரமாகச் சுருங்கியது.

“அக்கா, இவ்வளவு பேரு உசுரோட இருக்கறதே பெருசுங்க” என்றான் ரஃபீக். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தனித்துப்போன உயிராட்களை எந்திரம் நால்வர் நால்வராகச் சேர்த்தது. தம் கூட்டாளிகள் வேறு குழுக்களுக்குப் போய்விட்டார்கள் என்றே ஒவ்வொருவரும் நினைத்தார்கள். செவ்வந்தி காதில் ஒலிப்பானை மாட்டி அண்ணனின் குழுவைக் கேட்டாள்.

“தாமசு? காளிங்கா?” சென்னியப்பன் கூப்பிட்டார். “யாருங்க நீங்கெல்லாம்?”

“முனீஸ்வரிண்ணே. உசிலம்பட்டி. தண்ணி லாரி ஓட்டுறேன்” என்றாள் ஒரு பெண். “வெரசா வாங்க, எதிரி மேட்டுல ஏறிட்டான்.”

“ஹலோ, கேக்குதா? ஹலோ?” என்றார் இன்னொருவர். அந்த ஒரு மணி நேரமும் அவர் வேறெதுவும் பேசவில்லை. நான்காவது ஆள் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் மட்டும்தான் வந்தது.

சென்னியப்பன் வழக்கம்போல் கோட்டைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். விளையாடுகிறவர் உடுத்தும் மெய்யங்கி அவர் உடம்பு அசைவதைத்தான் உள்ளே காட்டும். அவரால் உட்காரத்தான் முடியும். மற்ற மூவரும் சுவரைத் தேடி வந்து அவரைச் சுற்றி நிற்பதுதான் பன்னிரண்டு ஆண்டு வழக்கம்.

“பொறுமை, பொறுமை. எடது பக்கம் பாத்துக்குங்க. நானாச்சு” என்றார்.

“என்னத்தப் பொறுமை? ஏண்ணே, செவுத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருந்தா கோட்டை தானா நடந்து வருமா? எந்திரிச்சு ஓடி வாங்க!”

அவருக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு ஆண்டுகளில் அவரை எழுந்து ஓடச் சொன்னவர் யாருமில்லை.

“பொறுமை, பொறுமை” என்றார் மறுபடியும்.

“இதுக்கு நாலு வசனந்தான் எழுதிக் குடுத்திருக்காய்ங்க போல” என்றாள் முனீஸ்வரி. முறுக்குச் சத்தம் ஒரு கணம் நின்று, சிரிப்பாக மாறி, மறுபடி தொடர்ந்தது.

திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு லட்சம். ஒரு லட்சத்து எழுபதாயிரம். எல்லாக் குழுக்களிலும் இதே கதைதான். ஒருவர் நகைச்சுவைக்கு இன்னொருவர் சிரிக்கவில்லை. யாரும் யாருக்காகவும் குறி தவறவில்லை. தோற்றவர் பாதி ஆட்டத்தில் எழுந்து போனார், ஜெயித்தவர் எகத்தாளம் செய்தார். மனம் நொந்தவர்கள் ஒவ்வொருவராக மெய்யங்கியைக் கழற்றிப் போட்டார்கள்.

நான்கு ஐம்பதுக்கு ஒரு லட்சத்து ஆறாயிரம்.

“அக்கா…” ரஃபீக் குரல் தணிந்தது. “பத்தாயிரம் நிரப்பாள உள்ள விட்டாப் போதுமுங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

“கண்டுபுடிச்சாங்கன்னா இன்னைக்கே மூடிருவாங்க ரஃபீக். மூடுனா…” மூடினால் காளிங்கன், தாமஸ், மயில்சாமி மூவரும் போய்விடுவார்கள். அண்ணன் மறுபடியும் அந்த வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பார். “வேண்டாம். கைய எடு.”

ஒலிப்பானில் சென்னியப்பன் மூச்சு வாங்குவது கேட்டது. “நான் கெளம்பறேன். உங்களோட வெளையாடறதுக்குச் சும்மா இருக்கலாம்.”

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு லட்சத்து இரண்டாயிரம்.

“போங்க, போங்க. எந்திரத்துக்கு ரோசம் வேற!” என்றாள் முனீஸ்வரி.

“யாரு எந்திரம்? நீதான் எந்திரம்! இரு, உனக்குப் பதில் சொல்லிப்போட்டுத்தான் போவேன்.”

அவர் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். அவர் அதற்கும் சொன்னார். எண் இறங்குவது நின்றுவிட்டதை ரஃபீக்தான் முதலில் பார்த்தான். கருமலை முழுக்க யாரும் சுடவில்லை. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஆளுக்கு ஆள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சொல் எதிராளிக்குப் போய்விடக் கூடாதே என்று ஒருவரும் வெளியேறவில்லை.

ஐந்து மணிக்கு உயிராட்கள் ஒரு லட்சத்து எண்ணூற்று எழுபது பேர். கருமலைக் கோட்டை பிழைத்தது. ரஃபீக் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

புகார்கள் வந்து குவிந்தன. ‘மோசமான நிரப்பாட்களை விட்டுவிட்டீர்கள்’, ‘மரியாதை தெரியாத எந்திரங்கள்’, ‘எங்கள் மனிதர்களைத் திருப்பித் தாருங்கள்’. ஒன்பதாயிரம் பேர்மீது மூன்று மூன்று புகார் விழுந்திருந்தது. சட்டப்படி எந்திரம் அவர்களைத் தானே வெளியேற்றிவிட்டது. அந்தப் பட்டியலில் செவ்வந்தி அண்ணனைக் கண்டாள். சண்டை தொடங்குமுன்பே முனீஸ்வரி எழுதியிருந்தாள்: ‘ஒரே சுவர், நாலே வசனம். கேள்வி கேட்டால் பதில் இல்லை. நிச்சயம் எந்திரம்.’ ‘ஹலோ’க்காரரும் முறுக்குக்காரனும் அதையே எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போனபோது சென்னியப்பன் விண்ணப்பப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

“என்ன அநியாயம் பாரு அம்மிணி. என்னைய எந்திரம்ங்கறாங்க! எழுது. மூணு பேரு சாட்சி வேணுமாம், அஞ்சு வருசத்துக்கு மேல கூட வெளையாடினவங்களா இருக்கோணுமாம். காளிங்கன், தாமசு, மயில்சாமி.”

பேனா அவள் கையிலேயே நின்றது. “வேற யாராச்சும் இருக்காங்களாண்ணா?”

“வேற யாரு?” என்றவர், சற்று நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். வாசலைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார். “நீ?”

“சொந்தக்காரங்க செல்லாதுங்ணா.”

“அப்ப அவங்க மூணு பேருதான். எழுது கண்ணு.”

சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். எழுதினாள். சாட்சியில்லை என்று படிவம் திரும்பி வரும், அன்றைக்கு அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணி, இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை அலுவலகத்தில் ரஃபீக் அவளைக் கைகாட்டி அழைத்தான். சாட்சிகளை விசாரிக்கும் அரசுப் பிரிவிலிருந்து நிரப்பாட்களுக்கே அழைப்பு வந்துகொண்டிருந்தது. அண்ணன் எப்போது வேண்டுமானாலும் பேசட்டும் என்று, அந்த மூவருக்கும் அவள்தான் அந்த நாளில் தொலைபேசி எண் கொடுத்திருந்தாள்; பின்னால் வந்த நிரப்பாட்களுக்கும் அந்த வழக்கமே தொடர்ந்தது.

“அக்கா, நிறுத்தட்டுங்களா?”

அவள் ஒலிப்பானை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். அழைப்பு ஒலித்தது. தாமஸ் எடுத்தான்.

“சென்னியப்பன் உயிருள்ள மனிதர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டது விசாரணைக் குரல்.

“மழ வர்றதுக்கு முன்னாடி அவருக்கு இடுப்பு வலிக்குமுங்க” என்றான் தாமஸ். “அன்னைக்கு மெதுவாத்தான் சுடுவாரு. நாங்க காத்திருப்போமுங்க. பன்னெண்டு வருசமா அப்புடித்தானுங்க.”

காளிங்கனும் மயில்சாமியும் அதைவிட நன்றாகச் சொன்னார்கள். அன்று மாலையே சான்றிதழ் வந்தது: சென்னியப்பன், உயிராள்.

“பாத்தியா, என்ற ஆளுங்க என்னைய உட்டுக் குடுக்கல” என்று அவர் மெய்யங்கியை மாட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனார்.

மறுநாள் ரஃபீக் ஒரு தாளோடு வந்தான். வெளியேற்றப்பட்ட ஒன்பதாயிரம் பேரில் திரும்பி வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சாட்சி சொன்னவை நிரப்பாட்கள். எதற்கும் விட்டுக்கொடுக்கும் கூட்டாளிகள் பிடிக்காமல், அவர்களை விரட்டிவிட்டு, எதிர்த்துப் பேசும் மனிதர்களைத் தேடித் திரிந்த நானூறு பேருக்கு ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை. ஐந்து ஆண்டு அவர்களோடு சேர்ந்து விளையாடிய மனிதர் யாருமில்லை. சட்டப்படி அந்த நானூறு பேரும் இனி எந்திரங்கள். முதல் பெயர் முனீஸ்வரி, உசிலம்பட்டி. அவள்மீது விழுந்த மூன்று புகாரில் ஒன்று சென்னியப்பன் எழுதியது.

“அடுத்த வருசம் கவலையே இல்லீங்க்கா” என்றான் ரஃபீக், கோட்டையைக் காப்பாற்றியது அந்தச் சண்டைதான் என்று தெரிந்தும், சுவரைப் பார்த்துக்கொண்டு. “சண்ட போடறவங்க யாரும் உள்ள இருக்க மாட்டாங்க.”

நிரப்பாட்களோடு சேர்த்து அன்றைய எண்ணிக்கை நாற்பத்து மூன்று லட்சம். முப்பத்தொரு பாகங்களில் அதுதான் அதிகம்.

அவ்வளவுதான், தங்கங்களே. உங்கள் வீட்டுக் கதவை, எழுந்திரு, வெளியே வா என்று அதட்டுகிறவர்கள் தட்டிக்கொண்டே இருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பி வரட்டும். நீங்கள் யாரென்று எவராவது கேட்டால், மூச்சு விடுகிற மூன்று பேராவது உங்கள் வாசலில் வந்து நிற்கட்டும். உங்கள் குடும்பம் நிறைந்து வாழட்டும்.