மெயினை அணைத்த பிறகு

இருபத்திரண்டு வருடமாக நான் வயரிங் வேலை செய்கிறேன். பேய் என்று யாராவது ஆரம்பித்தால், "முதல்ல எர்த் சரியா போடுங்க, எல்லாம் ஓடிப்போகும்" என்று வாயடைத்துவிடுவேன். கடற்கரைச் சாலையின் கடைசி வீட்டுக்கு வேலைக்குப் போகும்வரை அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

எந்தப் புயல் வந்தாலும் அந்த வீட்டுக் கூரையைத் தடவிவிட்டுத்தான் ஊருக்குள் நுழையும். உப்புக் காற்று ஆணியைக்கூட விட்டு வைக்கவில்லை. உள்ளே துணி சுற்றிய பழங்காலத்து ரப்பர் ஒயர். விரல் பட்டால் பொடியாக உதிர்ந்தது. மழைக்காலத்துக்குள் மொத்தத்தையும் மாற்றாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று மின்சார ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது.

அங்கே குடியிருந்தது ஒரே ஒரு அக்கா. வயது அறுபதை நெருங்கும். கணவர் இறந்து மூன்று வருடம். ஒரே மகள் வெளியூரில்.

"கரண்ட்டை வெட்டிட்டா மக வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவா தம்பி. எப்படியாவது முடிச்சுக் குடுங்க. நான் இந்த வீட்டை விட்டு நகர முடியாது."

"பேரப் பிள்ளைங்களோட நிம்மதியா இருக்கலாமே அக்கா."

"இருக்கலாம்தான்." கொஞ்சம் யோசித்தார். "இங்க பதில் சொல்ல ஆள் வேணுமே."

தனியாக இருப்பவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பரணில் ஓடும் ஒயரை மட்டும் விட்டுவிட முடியுமா என்று இரண்டு தடவை கேட்டார். பாதியை மாற்றிப் பாதியை விட்டால் ஆபீஸில் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். அக்கா கடைக்குப் போயிருந்தார். நான் மெயினை அணைத்தேன். ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் தொழிலில் அது எழுதாத சட்டம்: கட்டை நம் பையில் இருந்தால் வேறு யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது.

கூரைக்கும் மரச் சீலிங்குக்கும் நடுவே பரண். நிமிர்ந்தால் தலை இடிக்கும். நெற்றியில் கட்டிய விளக்கோடு தவழ்ந்து போனேன். எலிப் புழுக்கை, ஊறிப்போன மரம், அதோடு கருகிய ரப்பர் வாசனை. வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஓடுகள் ஒன்றோடொன்று பல் கடித்தன.

வழக்கப்படி டெஸ்டரை ஒயரில் வைத்தேன்.

எரிந்தது.

ஈரத்தில் சில சமயம் டெஸ்டர் பொய்யாக மினுக்கும். அது மங்கலாகத் தெரியும். இது நல்ல சிவப்பு. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கட்டைகள் அங்கேதான் இருந்தன.

டொக். டொக்.

அக்கா வந்துவிட்டார் போல என்று நினைத்து, "என்னக்கா?" என்றேன். பரணின் சந்து வழியே கேட்டைப் பார்த்தேன். அக்கா போகும்போது போட்ட வெளிப்பூட்டு அப்படியே இருந்தது.

டொக். டொக்.

இந்தத் தடவை சத்தம் கீழேயிருந்து வரவில்லை. நான் முட்டி போட்டிருந்த அதே உத்தரத்தில் கேட்டது. அதிர்வு என் முட்டிக்குத் தெரிந்தது.

கருகல் வாசனை கூடியது.

பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டெஸ்டர் பிடித்த கையை எடுக்க நினைத்தேன். விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

டொக். டொக்.

கேட் திறந்தது. ஓடிவரும் செருப்புச் சத்தம். எனக்கு நேர் கீழே சீலிங்கில் எதையோ கொண்டு இரண்டு தட்டு.

டெஸ்டர் அணைந்தது. விரல்கள் விட்டன. ஏணியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே நினைவில்லை. கூடத்தில் அக்கா ஒட்டடைக் கம்போடு மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"மன்னிச்சிடுங்க தம்பி. கடையில கூட்டம். நாலு மணிக்குள்ள வந்துடலாம்னு பார்த்தேன்."

தண்ணீர் கொடுத்துவிட்டு, அவரே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் தானே செய்யணும். பரணுக்கு ஏறுனா ரெண்டு தட்டு தட்டுவார். மெயின் ஆஃப் பண்ணிட்டியான்னு அர்த்தம். நான் இந்தக் கம்பால ரெண்டு தட்டுவேன். அவர் போன அன்னிக்குப் புயல். ஆஃப்னு தட்டிட்டேன். நேரம் போச்சு, வீடு இருட்டாயிடுச்சு. மேல அவருக்கு ஒண்ணும் தெரியாம இருக்குமேன்னு ஜெனரேட்டரைப் போட்டேன். ரெண்டு பக்கமும் பின் வச்ச ஒயர். ஒரு பக்கம் ஜெனரேட்டர்ல, இன்னொரு பக்கம் சமையலறை பிளக்ல. எப்பவும் அப்படித்தான் போடுவோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. மெயின் அணைந்திருந்தாலும் பிளக் வழியாக வீட்டு ஒயர் முழுக்க, மேலே அவர் கையிலிருந்த ஒயரிலும், மின்சாரம் திரும்பி ஓடியிருக்கும். இதைத் தடுக்கவென்றே ஒரு மாற்று சுவிட்ச் உண்டு. கையகலம்தான் இருக்கும்.

"வெளிச்சம் குடுக்கத்தான் போட்டேன் தம்பி," என்றார். "அதுலேர்ந்து தினம் நாலு மணிக்குக் கேக்கறார். நான் தட்டுனாத்தான் அடங்கும். பயமெல்லாம் போயிடுச்சு. இந்த வீட்டுல என்கிட்ட ஏதாவது கேக்கறதுக்கு அவர் ஒருத்தர்தானே இருக்கார்."

ஆனாலும் அந்த ஒயரை விட்டு வைத்தால் அடுத்த மழையில் வீடே எரியும். நிதானமாக எடுத்துச் சொன்னேன். அவர் வெகுநேரம் சீலிங்கையே பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் காலையில் பரண் ஒயரை உருவினேன். கீழே கம்போடு நின்று, நான் இழுக்க இழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசி முழம் வெளியே வந்ததும் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். புது பிரேக்கர், புது எர்த், மாற்று சுவிட்ச் எல்லாம் போட்டு முடித்தேன். ஆபீஸில் கையெழுத்தும் ஆயிற்று. கழற்றிய தாமிரம் வேலை செய்தவனுக்கு என்பது எங்கள் வழக்கம். சுருட்டி என் பட்டறைக்குக் கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் நாலு மணி வாக்கில், அந்தச் சுருளை மடியில் வைத்துக் கத்தியால் ரப்பரைச் சீவிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தார்.

"வீடு பளிச்சுனு இருக்கு தம்பி. நோட்டீஸும் இல்ல, மகளும் ஒண்ணும் சொல்லல. ஆனா அவர் கேக்கவே மாட்டேங்கறார்." குரல் கம்மியது. "ஏழு நாளா கம்பை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்ககூட வந்துட்டாரா?"

"இங்க ஒரு சத்தமும் இல்லைக்கா," என்றேன். அது உண்மைதான்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மறுபடி ரப்பரைச் சீவினேன்.

"இப்பத் தட்டினாரே," என்றார் மெதுவாக. "போன்ல எனக்குக் கேட்டுச்சே. உங்களுக்குக் கேக்கலையா?"

பட்டறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"கையில என்ன வச்சிருக்கீங்க தம்பி? அசையாதீங்க. போனை அது பக்கத்துல வைங்க."

வைத்தேன். போனுக்குள்ளிருந்து அக்காவின் கம்பு இரண்டு தட்டு தட்டுவது கேட்டது.

கத்தி பிடித்திருந்த கையில் மயிர்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. அதுவரை அவை குத்திட்டு நின்றதே எனக்குத் தெரியாது.

"நாளைக்கு நாலு மணிக்குக் கூப்பிடறேன்," என்றார் அக்கா. குரலில் அழுகை போய்விட்டிருந்தது. யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.