பத்தில் பிடித்த நாடா

ஆகஸ்ட் 6, வியாழன். தவறு: நாடாவைப் பத்திலிருந்து பிடித்து அளந்தேன். அந்தப் பத்தைக் கழிக்க மறந்தேன்.

காலியான வகுப்பறையில் உட்கார்ந்து தன் நோட்டில் இந்த இரண்டு வரியை எழுத அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பகலில் மருந்துக்கடையில் வேலை. மாலையில் பல்கலைக்கழகத்தின் வீட்டு வடிவமைப்பு வகுப்பு. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவள் என்பதால் வகுப்பில் அவள் பெயர் 'ஸ்கேல்'. அந்த ஸ்கேலே கோணிவிட்டது...

எல்லாம் செவ்வாய்க்கிழமை மழையால் வந்தது.

ஐந்து பேர் வசிக்கும் ஒற்றை அறை அது. சுவரில் மடித்து வைக்கிற கட்டில் ஒன்றை அதற்காக அவள் வரைந்துகொண்டிருந்தாள். அளக்கப் போனபோது நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. வீட்டுக்கார அக்காவின் இடுப்பில் குழந்தை. வெளியே மாடிப்படியில், நனைந்த சட்டையோடு ஒருவன் மழைக்கு ஒதுங்கி நின்றான்.

"ஏங்க... சும்மாதானே நிக்கிறீங்க? வந்து இதைப் பிடிங்க. பத்து சென்டிமீட்டர் கோட்டுல. நுனி உடைஞ்சிருக்கு."

"நான் உடைக்கலைங்க."

"உடைச்சீங்கன்னு யாரு சொன்னா? ஆடாம பிடிங்க."

"நீங்க பாக்குறப்பதான் கை ஆடுது."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். இவள் குனிந்து எண்ணை எழுதினாள். இமையோரம் மழைத்துளி நின்ற அந்தக் கண்கள்... அன்று அந்த ஓர் எண்ணை மட்டும் அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

இன்று மாலை, வகுப்புக்கு நிதி தரும் அறக்கட்டளையிலிருந்து மூவர் வந்தார்கள். அவர்கள் மனது வைத்தால்தான் அடுத்த ஆண்டு மாலை வகுப்பு உண்டு. இல்லையென்றால் பகல் வகுப்பு மட்டும்தான். அவள் படிப்பும் அத்தோடு சரி. மூன்றாவது நாற்காலியில்... அவன்!

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"கட்டிலை இறக்கினா, திறந்த கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல எவ்வளவு இடம் மிஞ்சும்?"

"ஆறு சென்டிமீட்டர்."

"பத்தைக் கழிச்சீங்களா?"

காது மடல் சுட்டது. 'கழிச்சேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கழிக்கல," என்றாள். "அப்போ கதவு கட்டில்ல இடிக்கும். தப்பு என்னோடது சார், வகுப்போடது இல்ல."

மூவரும் பக்கத்து அறைக்குப் பேசப் போனார்கள். மற்ற மாணவர்கள் கலைந்தார்கள். அவள் நோட்டைத் திறந்தாள்.

"கோபமா?"

வாசலில் அவன்.

"எல்லார் முன்னாடியும் கேக்கணுமா? தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களுக்கு மட்டும் தனியா சொன்னா அது சலுகைங்க. கேக்காம விட்டா... அஞ்சு பேர் தூங்குற அறை. கதவு திறக்கலைன்னா?"

அவள் பேனா மூடியைத் திருகினாள்.

"வகுப்பு என்னாச்சு?"

"இன்னொரு வருஷம் உண்டு. தப்பை ஒத்துக்கிட்டது எங்க அறக்கட்டளைப் பெரியவருக்குப் பிடிச்சுப்போச்சு. ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாங்க."

"நீங்க?"

"போடல."

அவள் முகம் சுருங்கியது.

"போடக் கூடாதுங்க. செவ்வாய்க்கிழமை கதையைச் சொல்லி விலகிட்டேன்."

"ஒரு நாடாவைப் பிடிச்சதுக்கா?"

"இல்ல... அன்னிக்கு மழை விட்ட பிறகும் அரை மணி நேரம் அந்தப் படியிலயே நின்னேன். மறுபடி கூப்பிடுவீங்களோன்னு. அப்படிப்பட்டவன் உங்க படத்தை எப்படி மதிப்பிடுறது?"

ஜன்னலுக்கு வெளியே தூறல் ஆரம்பித்தது. அவள் நோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"இன்னொரு தப்பையும் ஒத்துக்கணும். அந்த எண்ணை நான் ஏன் சரிபாக்கலைன்னா..."

"ஏன்?"

"அந்த முனையில இருந்த ஆளைப் பாத்துட்டிருந்தேன்."

அவன் ஒரு நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தான். அவள் பேனாவை எடுத்தாள்.

நாளை, வெள்ளி. புது நாடா வாங்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டு அறையைப் பூஜ்யத்திலிருந்து மறுபடி அளக்க வேண்டும். மறுமுனைக்கு ஆள் உண்டு.