ஒன்பது மாத்திரையும் ஓர் ஓவனும்

திண்டிவனத்தில் கலையரசியின் வீட்டில் ஓர் ஓவன் இருந்தது. மாதா கோயில் திருவிழாக் குலுக்கலில் முதல் பரிசாக வந்தது. வந்த நாள்முதல் அதற்குள் ரேஷன் கார்டும், நாலு பேரின் ஆதார் அட்டைகளும், தம்பி இனியவனின் ஞானஸ்நானச் சான்றிதழும் பத்திரமாக இருந்தன. அந்த வீட்டில் எலி நுழைய முடியாத ஒரே இடம் அதுதான். அதை யாரும் அடுப்பு என்று நினைத்ததே இல்லை.

அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சிரிக்கவில்லை. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துப்புரவு வேலை. செவ்வாய்க்கிழமை காலை பேருந்தில் நின்றுகொண்டே போனவர், கூட்டேரிப்பட்டு வந்ததும் மயங்கி விழுந்துவிட்டார். கூட வந்தவர்கள் அவரைக் கீழே இறக்கி, டீக்கடை பெஞ்சில் படுக்கவைத்து, சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. காலையில வயிறு நிறைய சாப்பிட்டுட்டு இந்த மாத்திரையைப் போடணும்" என்றார் டாக்டர்.

"சரிங்க" என்றார் அம்மா. சொன்னதோடு சரி.

கலையரசிக்குப் பதினோரு வயது. அந்த மாத்திரை அட்டையை அவள் தினமும் எடுத்துப் பார்த்தாள். மொத்தம் பத்து மாத்திரை. ஒன்றை அம்மா டாக்டர் முன்னாலேயே போட்டுக்கொண்டார். ஆறு நாள் ஆகியும் மீதி ஒன்பதும் அப்படியே இருந்தன.

"ஏம்மா மாத்திரை போடல?"

"சாப்ட்டுட்டுதான் போடணும்னு சொன்னாரே."

"அப்போ சாப்பிட வேண்டியதுதானே?"

"அதுக்குள்ள பஸ்ஸு வந்துடுதே, கண்ணு."

பார்க்கப்போனால், அம்மா டாக்டர் பேச்சைக் கொஞ்சமும் மீறவில்லை. சாப்பிடாமல் போடக்கூடாது. அவர் சாப்பிடவில்லை, அதனால் போடவில்லை.

திங்கட்கிழமை காலை கலையரசி தன் தோசையைப் பிட்டபடியே எல்லாவற்றையும் கவனித்தாள். முதல் தோசை வந்ததும் அப்பா ஜெபம் சொன்னார். அடுப்பு முன்னால் நின்றபடியே அம்மா, "ஆமென்" என்றார். ஆமென் முடிவதற்குள் அடுத்த தோசையைத் திருப்ப வேண்டியிருந்தது. இனியவனுக்கு மூன்று, அப்பாவுக்கு நாலு, கலையரசிக்கு மூன்று. அம்மாவின் முறை வந்தபோது மணி ஏழு. பேருந்து ஏழு பத்துக்கு. அம்மா பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"தப்பு அம்மா மேல இல்லப்பா. தோசைக்கல்லு மேல" என்றாள் கலையரசி.

லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "கல்லு இன்னாடி பண்ணுச்சு?"

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் சுடுது."

அப்பா கையிலிருந்த துணியை உதறினார். "அது கல்லோட சுபாவம்" என்றார்.

அன்று சாயங்காலம் கலையரசி ஓவனைத் திறந்தாள். அட்டைகளையெல்லாம் வெளியே எடுத்தபோது அடியில் ஒரு சிறு புத்தகம் கிடைத்தது. அதை யாரும் பிரித்ததே இல்லை. உள்ளே ஒரு படம். தட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே எழுதியிருந்தது: 'பேன்கேக். மாவை ஒரே தட்டில் ஊற்றி உள்ளே வைக்கவும். திருப்பிப் போட வேண்டாம். பக்கத்தில் நிற்க வேண்டாம்.'

கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு போய் அப்பாவின் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா குடத்தோடு வரிசையில் போய் நின்றார். இங்கே வேலை தொடங்கியது. கேப்பை மாவு ஒரு டம்ளர், கோதுமை மாவு ஒரு டம்ளர், மூன்று முட்டை, பால், பொடித்த வெல்லம், ஒரு சிட்டிகை சோடா உப்பு. கலக்கும் பொறுப்பு இனியவனுடையது. அவனுக்கு ஏழு வயது. பாதி மாவு பாத்திரத்தில் இருந்தது, கொஞ்சம் அவன் சட்டையில் இருந்தது.

அப்பா ஓவனைத் துடைத்துச் சூடாக்கினார். "கலை, ரேஷன் கார்டு எங்க?"

"பத்திரமா இருக்குப்பா. அலமாரியில வச்சு, பறக்காம இருக்க மேல தோசைக்கல்ல வச்சிருக்கேன்."

தட்டு உள்ளே போனது. மூன்று பேரும் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நிற்க வேண்டாம் என்றுதான் புத்தகம் சொல்லியிருந்தது. உட்காருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாவு மெல்ல மேலே எழும்பியது.

"அக்கா, அது தலகாணி மாதிரி ஆயிக்கினு வருது" என்றான் இனியவன்.

அம்மா கடைசிக் குடத்தோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா வாசனை இது? ஆதார் கார்டு எரியுதா?"

அப்பா தடித்த துணியால் தட்டைப் பிடித்து வெளியே எடுத்தார். கலையரசி அதை நாலு துண்டாக வெட்டி, நாலு தட்டில் வைத்தாள். நாலிலிருந்தும் ஆவி பறந்தது.

அம்மா பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் வழக்கம் விடவில்லை. "நீங்க சாப்புடுங்க. இவனுக்கு இது பத்தாது, ஜல்தியா ரெண்டு தோசை ஊத்திட்டு வர்றேன்" என்று கல்லை எடுக்கப் போனார்.

"கல்லை எடுக்காதம்மா. அடியில ரேஷன் கார்டு இருக்கு."

நீட்டிய கை அப்படியே நின்றது. அம்மா அடுப்பைப் பார்த்தார், ஓவனைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். அந்தச் சமையலறையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

"அப்போ நான் இன்னா பண்றது?"

"உக்காரும்மா."

"மணி?"

"ஆறே முக்கால்தான் ஆவுது."

அம்மா பாயில் உட்கார்ந்தார். பேருந்தில் இடம் கிடைத்தவர்போல ஓரமாகத்தான் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நீ ஜெபம் சொல்லு, அமலா" என்றார் அப்பா.

அம்மா கண்ணை மூடினார். இத்தனை வருஷமாக ஆமென் மட்டுமே சொல்லி வந்தவர் அவர். கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"ஆண்டவரே, சூடா இருக்குது. நன்றி."

"ஆமென்" என்றார்கள் மூன்று பேரும்.

அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். அடுத்த துண்டு. இனியவன் தன் தட்டை மறந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பாக்குற?"

"நீ சாப்பிடுறத நான் பாத்ததே இல்லம்மா."

அப்பா தண்ணீர்ச் சொம்பை அம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தார். அம்மாவின் தட்டு காலியாகும்வரை கலையரசி பொறுத்திருந்தாள். பிறகு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

அட்டை 'டப்' என்றது.

"எட்டு" என்றாள் கலையரசி.

"இன்னா எட்டு?" என்று கேட்டான் இனியவன்.

"ஒண்ணுமில்லடா. ஆறிடப் போவுது, சாப்பிடு."